பொட்டு எங்கே வைப்பே மாப்ளே?

உக்காரு மாப்ளே. லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம், முதல்ல காபியைக் குடி. ஆபீஸ்ல இருந்த அலமாரி எல்லாத்தையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டே, கிளையன்ட் கணக்கு மொத்தத்தையும் வாடகை சர்வர்ல ஏத்திட்டேன்னு உங்கம்மா போன்ல சொன்னா. பெருமையாத்தான் சொன்னா. பேகூர் ரோட்டுல மாடி ஆபீஸ், மேஜை மேலே ஒரு லேப்டாப்பு, சுவத்துல ஒரு திருப்பதி பெருமாள், வேற ஒரு காகிதம் கிடையாதாம். கடைக்காரர் கடையில இருந்தபடியே பில் போடுறார், நீ இங்கே இருந்தபடியே அதைப் பார்க்கிறே, ரெண்டு பேருக்கும் ஒரே ஏடு. நல்ல காரியம். உன்னை நாலு வார்த்தை புகழலாம்னுதான் வரச் சொன்னேன். புகழ்ச்சி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோ.

எனக்கு வந்த முதல் சந்தேகம் ஆயுத பூஜையைப் பத்தி. இந்தப் பெங்களூர்ல ஆயுத பூஜை எப்படின்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. தையல் கம்பெனிக்குத் தையல் கம்பெனி வாழைக்கன்னு கட்டி, மிஷினுக்கெல்லாம் பொட்டு வச்சு, வாசல்ல பூசணிக்காயை உடைச்சுப் போட்டுடுவாங்க. அடுத்த ரெண்டு நாள் ஓசூர் ரோட்டுல பைக் ஓட்டுறவன் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போகணும். நான் கணக்கு எழுதின காலத்துல பழைய பேரேட்டை அடுக்கி சந்தனம் குங்குமம் வச்சு, புது ஏட்டு மூலையில மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, 'லாபம்'னு எழுதித்தான் ஆரம்பிப்போம். திவாலாகப் போற கடையிலயும் முதல் பக்கத்துல லாபம்தான். இப்போ உன் சர்வர் மும்பையில இருக்கோ ஹைதராபாத்துல இருக்கோ, உனக்கே தெரியாது. பொட்டு எங்கே வைப்பே? போன பூஜைக்கு உன் ஆபீஸ் பையன் வைஃபை பெட்டிக்கு வச்சானாமே. விவரமான பையன். அவனுக்குச் சம்பளம் கூட்டிக் குடு. அந்தப் பெட்டியில பச்சை லைட்டு அணைஞ்சா நீ ஆடிட்டரும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு ஆபீஸ்லயே அவனுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.

சர்வர் எங்கேயோ தூரத்துல இருக்குன்னா உனக்குப் பெருமை. வெளியூர்ச் சரக்குன்னாத்தான் நமக்கு மதிப்பு. ஆனா நீ தினம் தட்டுற டாலி கணக்கு சாஃப்ட்வேர் இருக்கே, அதோட தலைமை ஆபீஸ் எங்கேன்னு நினைச்சே? இந்தா, ஹொங்கசந்திரா. ஓசூர் ரோட்டு மேலயே ஏஎம்ஆர் டெக் பார்க். 2025 ஆகஸ்ட்ல மஞ்சள் லைன் மெட்ரோ விட்டாங்களே, பொம்மனஹள்ளியில ஏறினா அடுத்த ஸ்டேஷன். அதே லைன்ல இன்னும் தள்ளிப் போனா எலக்ட்ரானிக் சிட்டி, இன்ஃபோசிஸ். ஜிஎஸ்டி போர்ட்டலுக்குக் கம்ப்யூட்டர் கட்டமைப்பு கட்டித் தர்ற வேலை 2015-ல 1,380 கோடிக்கு அவங்களுக்குத்தான் போச்சு. ஆகக் கணக்கு எழுதுற சாஃப்ட்வேரும் கணக்குக் கேக்குற சாஃப்ட்வேரும் ஒரே மெட்ரோ லைன்ல உக்காந்திருக்குது. நடுவுல சிக்கிக்கிட்டவன் சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறான்.

டாலி பிறந்த கதை எனக்குப் பிடிச்ச கதை. ஷியாம் சுந்தர் கோயங்கான்னு ஒருத்தர், மில்லுகளுக்கு மூலப்பொருளும் மிஷின் உதிரி பாகமும் சப்ளை பண்ணவர். தன் வியாபாரத்துக் கணக்கை எழுத உருப்படியா ஒரு சாஃப்ட்வேர் கிடைக்கலை. கணக்குப் படிச்ச மகன் பரத்தைக் கூப்பிட்டு நீயே ஒண்ணு பண்ணுன்னார். பண்ணிட்டார். 1986-ல கம்பெனி ஆரம்பம், அப்போ அதுக்குப் பேரு பியூட்ரானிக்ஸ். 2020-ல மகனுக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. நானும் ஒரு மகனைப் பெத்து வச்சிருக்கேன். கரண்ட் பில்லைக் கட்டுடான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

அந்தக் காலத்துக் கணக்கு சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு நம்பர் போடணும். முருகன் ஸ்டோர்ஸ்னு எழுதக் கூடாது, அதுக்கு என்ன நம்பரோ அதைத் தேடி எழுதணும். டாலியில பேரையே எழுதலாம். பேரேடு எழுதிப் பழகின கை அங்கேதான் மசிஞ்சது. இன்னைக்கும் பாரு, உன் ஆபீஸ் பொண்ணு மௌஸைத் தொடுறதே இல்ல. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ்னு விரல் பாட்டுக்குப் போகுது, வாய் பாட்டுக்கு சீரியல் கதை பேசுது. சென்னை ஜோஹோ புக்ஸ் மாதிரி பிரவுசர்லயே பிறந்து பிரவுசர்லயே ஓடுற சரக்கும் இருக்குது, நல்லாவே இருக்குது. ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில உக்காந்து அந்தக் கம்பெனியை நடத்தினதைப் பேப்பர்ல படிச்சிருப்பே. ஆனா எஃப்8-ல ஊறின விரலை மாத்துறது லேசு இல்ல. அதனால நீ என்ன பண்ணியிருக்கே? அதே டாலியை எவனோ ஒருத்தனோட கம்ப்யூட்டர்ல போட்டு, அந்தத் திரையை இங்கே இருந்து பார்க்கிறே. அதுக்குத்தான் மாச வாடகை. தப்பு இல்ல. ஆனா உங்கம்மாகிட்ட விஞ்ஞானி மாதிரி பேசினே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

வாடகைன்னதும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரன் குணம் எனக்குத் தெரியும், நானே நாலு போர்ஷன் கட்டி விட்டிருக்கிறவன். குடி வர்றப்போ சிரிப்போம், அட்வான்ஸை எண்ணி வாங்குவோம், தண்ணி நல்லா வரும்னு சொல்லுவோம். ஒரு நாள், பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்னு சொல்லிடுவோம். நல்ல வீட்டுக்காரனும் சொல்லுவான். குவிக்புக்ஸ் கதை ஞாபகம் இருக்கா? உலகம் பூரா ஓடுற கணக்கு சாஃப்ட்வேர். அதை நடத்துற அமெரிக்கக் கம்பெனி இன்ட்யூட்டுக்கு இதே பெங்களூர்ல பெரிய ஆபீஸ் இருக்குது. 2022-ல ஒரு அறிவிப்பு: 2023 ஜனவரி 31-ஓட இந்தியாவுல குவிக்புக்ஸ் நிறுத்தம். ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், முன்கூட்டியே சொன்னாங்க, டேட்டாவை எடுத்துக்குங்கன்னாங்க. ஆனா எடுத்துக்கிட்டு எங்கே போறது? கடையை நடத்திக்கிட்டே வருஷ நடுவுல கணக்கை மூட்டை கட்டணும்.

கம்பெனிச் சட்டம் என்ன சொல்லுது? ஏட்டை 8 வருஷம் வச்சிருக்கணும். 2022 ஆகஸ்ட்டுலேருந்து, கம்ப்யூட்டர்ல கணக்கு வச்சிருக்கிற கம்பெனி இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல தினம் ஒரு பேக்கப் எடுக்கணும்னும் சொல்லியாச்சு. உனக்கு சர்வர் வாடகைக்கு விட்ட தம்பி 8 வருஷம் கடை நடத்துவாரா? அவர் கல்யாணப் பத்திரிகையை நானே இப்பத்தான் வாங்கினேன். ஆகையால நாளைக்குப் போய் அவர்கிட்ட சிரிச்சுக்கிட்டே கேளு: நான் காலி பண்ணா என் சாமானை எப்படித் தருவீங்க? டாலி டேட்டா ஃபோல்டராவே தருவீங்களா, எக்செல்லா, பிடிஎஃப்பா? பிடிஎஃப்னு சொன்னா எழுந்து வந்துடு. அதைப் பார்த்துக்கிட்டு இருக்கலாமே ஒழிய, திரும்ப ஏத்தி ஒரு வவுச்சர் போட முடியாது. அப்புறம் மாசம் ஒரு தரம் உன் சொந்த ஹார்டு டிஸ்க்ல ஒரு பேக்கப் எடு. எடுத்து டிராயர்ல போட்டுப் பூட்டிடாதே. வேற ஒரு கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, போன மாசத்து இருப்பு சரியா வருதான்னு பாரு. அதைச் செய்யறவனை நான் இன்னும் நேர்ல பார்த்தது கிடையாது. நீ செஞ்சா மாலை போடுறேன்.

இந்தப் புதுக் கணக்குல எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணு உண்டு. ரப்பரை ஒழிச்சுட்டாங்க. எங்க காலத்துல மார்ச் 31 ராத்திரின்னா கடையில பரோட்டா வாங்கி வச்சுட்டு விடிய விடிய எழுதுவாங்க. பென்சில்ல எழுதின என்ட்ரி காலையில பேனாவுல வேற தொகையா எழுந்திருக்கும். ஏடே மாறிப் புது ஏடு வந்து, அது பழசாத் தெரியணும்னு வெயில்ல காயும். நான் செஞ்சேன்னு சொல்லலை மாப்ளே. பக்கத்து மேஜையில நடந்ததைச் சொல்றேன். இப்போ 2023 ஏப்ரல் 1-லேருந்து கம்பெனிகளுக்கு எடிட் லாக் கட்டாயம். யாரு, எப்போ, எந்த என்ட்ரியை என்னவா மாத்தினாங்கன்னு சாஃப்ட்வேரே எழுதி வச்சுக்குது. அதை அணைச்சு வைக்கக் கூடாது. அது வருஷம் பூரா ஓடுச்சான்னு ஆடிட்டர் தன் அறிக்கையில சொல்லணும். முதல்ல 2021-லயே வரணும்னாங்க, ரெண்டு தரம் தள்ளி வச்சாங்க. தள்ளி வச்சப்போ எத்தனை பேரு சாமிக்குத் தேங்காய் உடைச்சாங்களோ.

தனி முதலாளிக் கடைக்கு இந்த விதி கிடையாது. அதனால உன் கிளையன்ட்ல பாதிப் பேரு இன்னும் ரப்பரோடதான் உலாத்துறாங்க. மீதிப் பாதி, கம்பெனி வச்சிருக்கிறவங்க, எடிட் லாக்கைக் கண்டு பயப்படுறாங்களா? அட, நீ வேற. அன்னைக்கு உன் திரையை எட்டிப் பார்த்தேனே. 'அட்மின்' மாத்தினார். 'அட்மின்' அழிச்சார். ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு 'அட்மின்' திரும்ப எழுதினார். யாரு மாப்ளே இந்த அட்மின்? இவ்வளவு உழைக்கிற மனுஷனுக்கு சம்பளப் பட்டியல்ல பேரு இல்ல, ஈஎஸ்ஐ பிடிக்கலை, தீபாவளி போனஸும் காணோம். அஞ்சு பேரு வேலை பார்க்கிற இடத்துல ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. அரசாங்கம் சட்டம் போட்டு, ஹொங்கசந்திராவுல எஞ்சினியருங்க மண்டையை உடைச்சுக்கிட்டு அந்த வசதியைக் கட்டினாங்க. நம்ம ஆளு ஒரே ஒரு 'அட்மின்'ல அதைத் தூக்கிக் கடாசிட்டான். ஆளுக்கு ஒரு லாகின் போட எவ்வளவு நேரம் ஆகும்? சாஃப்ட்வேர்க்காரன் ஆளுக்கு இவ்வளவுன்னு காசு கேக்குறான்னு நீ சொல்லுவே. ஆமா, கேப்பான். ஒரு ஆளுக்கு ஆகுற காசை மிச்சம் பிடிச்சுட்டு, அப்புறம் பணம் எப்படிப் போச்சுன்னு அஞ்சு பேரையும் சந்தேகப்படு. ரொம்ப சிக்கனம்.

பாஸ்வேர்டுன்னதும் இன்னொண்ணு. உன் கிளையன்ட் ஒருத்தர், பட்டன், ஜிப் வியாபாரம், பேரு வேண்டாம். பொண்டாட்டி, அண்ணன், தம்பி யாரும் கணக்கைப் பார்த்துடக் கூடாதுன்னு டாலி வால்ட் பூட்டுப் போட்டார். அதைப் போட்டா கம்பெனிப் பேருகூடத் தெரியாது, வெறும் நட்சத்திரமா வரும். சந்தோசமாத் திருப்பதி போய் மொட்டை போட்டுட்டு வந்தார், முடியோட பாஸ்வேர்டும் போச்சு. மறந்தா மறந்ததுதான், யாராலும் எடுத்துத் தர முடியாது. இதைச் சொல்றேன்னு உடனே பாஸ்வேர்டை மஞ்சள் சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டிடாதே. ஒட்டியிருக்கேன்னு தெரியும், அதையும் பார்த்துட்டேன். பூட்டி வைக்கிற இடத்துல ஒண்ணு, நம்பிக்கையான ஆள்கிட்ட ஒண்ணு, மூடின கவர்ல. கவர் மேலே 'பாஸ்வேர்டு'ன்னு எழுதாதே.

இதைவிடப் பெரிய கூத்து ஜிஎஸ்டி பதிவுல. பாதி ஆடிட்டர் தன் போன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டு வச்சிருக்காங்க. வசதிக்குத்தான், ஓடிபி தனக்கே வந்துடும்ல? கடைக்காரருக்கும் நிம்மதி, எல்லாத்தையும் ஆடிட்டர் பார்த்துக்குவார். ஒரு நாள் ரெண்டு பேருக்கும் பீஸ் தகராறு. கடைக்காரர் வேற ஆள்கிட்டப் போறார். நோட்டீஸ் பழைய ஆடிட்டர் மெயிலுக்கே வந்துக்கிட்டு இருக்குது, அவரும் அதைப் பத்திரமாத் திறக்காமலேயே வச்சிருக்கார். இல்லன்னா போர்ட்டல்ல 'கூடுதல் நோட்டீஸ்'னு ஒரு மூலை இருக்கே, அங்கே போய் உக்காந்துக்குது. நோட்டீஸே பார்க்கலை சாமின்னு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வியாபாரிங்க நிறையப் பேரு. நீ உன் நம்பரை எடுத்துட்டு அவங்கவங்க நம்பரைப் போடு. ஓடிபிக்கு அலையணும், உண்மைதான். 2025 ஏப்ரல்லேருந்து இ-இன்வாய்ஸ் போட லாகின் பண்ணவும் ஓடிபி கட்டாயம். கிளையன்ட் கல்யாணப் பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருப்பார், நீ ஓடிபி சொல்லுங்க சார்னு கெஞ்சுவே, அவர் அப்பளத்தைக் கடிச்சுக்கிட்டே நாலு நம்பர் சொல்லிட்டு மீதி ரெண்டை மறந்துடுவார். பரவாயில்ல. கடை அவருது, சாவியும் அவர்கிட்டயே இருக்கட்டும்.

உன் கிளையன்ட்டுங்களையும் விட்டுட முடியாது. முன்னெல்லாம் 19-ம் தேதி ராத்திரி ஒரு ஜவுளிக்கடைப் பை வரும், உள்ளே கசங்கின பில்லு, நடுவுல ஒரு பஸ் டிக்கெட், ஒரு மாரியம்மன் திருநீறுப் பொட்டலம். இப்போ வாட்ஸப்ல போட்டோ. பில்லைப் பிடிச்ச கட்டைவிரல் நல்லாத் தெளிவாத் தெரியும், தொகை இருக்கிற இடத்துலதான் அந்த விரல் இருக்கும். என்னன்னு புரியாததை எல்லாம் உன் ஆபீஸ் பொண்ணு சஸ்பென்ஸ் கணக்குல தள்ளிடுது. வருஷக் கடைசியில சஸ்பென்ஸ்தான் கடையிலேயே பெரிய பார்ட்டி. சாஃப்ட்வேர் மாறிச்சு, சர்வர் மாறிச்சு, 19-ம் தேதி மட்டும் மாறவே இல்ல.

அந்தத் தேதிக் கணக்கைக் கிளையன்ட்டுக்கு நீ ஒரு தரமாவது புரியுற மாதிரி சொல்லியிருக்கியா? மாசா மாசம் ஃபைல் பண்றவருக்கு 11-ம் தேதிக்குள்ள விற்பனை விவரம். 14-ம் தேதி 2பி வரும், அதாவது உனக்குச் சரக்கு வித்தவங்க யாரு யாரு அதைக் காட்டியிருக்காங்கன்னு ஒரு பட்டியல். 20-ம் தேதி வரி கட்டணும். உன் கிளையன்ட் ஒருத்தர் சிக்பேட்டையில நூல் கோன் வாங்கினார், வரியும் சேர்த்துப் பணம் குடுத்துட்டார். விக்கிறவன் 11-ம் தேதி காட்டலைன்னா 14-ம் தேதி பட்டியல்ல அது இல்ல. 2022 ஜனவரியிலேருந்து பட்டியல்ல இல்லாததுக்கு வரவு எடுக்க முடியாது. 20-ம் தேதி கைக்காசு போட்டுக் கட்டணும். உன் சாஃப்ட்வேர் இதை அழகாச் சிவப்புல காட்டும். யாருக்குக் காட்டும்? 19-ம் தேதி ராத்திரி கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கிற உனக்கு. 15-ம் தேதி காலையில கடைக்காரர் அந்தச் சிவப்பைப் பார்த்துச் சிக்பேட்டைக்கு ஒரு போன் போட்டு, என்னய்யா, என் பில்லைக் காட்டலையான்னு கேக்கணும். இதுக்குத்தான் ரெண்டு பேருக்கும் ஒரே ஏடு. நீ அவருக்கு லாகின் குடுத்திருக்கே, திறக்கச் சொல்லித் தரலை. ஏன் தரலைன்னும் எனக்குத் தெரியும். திறந்தா, நீ கடைசியா அவர் கணக்குல கை வச்சது எப்போங்கிறது தெரிஞ்சுடும்.

2025 ஜூலையில இந்த ஊரே பட்ட பாட்டைப் பார்த்தோமே. பேக்கரி, காண்டிமென்ட்ஸ், டீக்கடைன்னு சின்னச் சின்னக் கடைக்கெல்லாம் கர்நாடக வணிக வரித்துறை நோட்டீஸ். யுபிஐ-யில வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்தா சரக்கு விக்கிறவனுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம்ங்கிற ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டுதுன்னு. மறுநாளே க்யூஆர் அட்டையைக் கழட்டிட்டு 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்'னு எழுதி ஒட்டினாங்க. அப்புறம் முதல்வர் சித்தராமையா வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய பாக்கியைக் கேக்க மாட்டோம், பதிவு பண்ணிக்குங்கன்னு சொன்னார். நம்ம தெரு பேக்கரிக்காரர் என்கிட்டே வந்து, நான் கணக்கே எழுதினதில்லையே, அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டார். நீ எழுதலைப்பா, உனக்குப் பதிலா உன் போன் எழுதிச்சுன்னேன். அதுல மச்சினன் திருப்பிக் குடுத்த கைமாத்து இருக்குது, சீட்டுப் பணம் இருக்குது, வரியே இல்லாத பாலு, பிரெட்டு வித்த காசும் இருக்குது. எல்லாம் ஒரே அட்டையில விழுந்து ஒரே தொகையாக் கூடிப் போச்சு. பிரிச்சுக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க? மாப்ளே, இந்த மாதிரி ஆளுக்குத்தான் உன் வாடகைக் கணக்கு ஆயுசுக்கும் உபயோகம். அவர்கிட்டப் போய் கிளவுட், டேஷ்போர்டுன்னு பேசாதே. கடைக்கு ஒரு அட்டை, வீட்டுக்கு ஒரு அட்டைன்னு ரெண்டு பேங்க் கணக்கு தொடங்கிக் குடு. மீதியை அப்புறம் பார்க்கலாம்.

ஜூலை 1 உங்க ஆடிட்டர் தினம்னு ஸ்டேட்டஸ் வச்சிருந்தே. 1949-ல உங்க இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்ச நாள். அன்னைக்கேதான் டாக்டர் தினமும். 2017-ல ஜிஎஸ்டி பிறந்ததும் அன்னைக்கேதான். தலைவலி, அதுக்கு மாத்திரை எழுதுறவர், அதுக்கு பில் போடுறவர், மூணு பேருக்கும் ஒரே நாள்ல கேக் வெட்டலாம். செலவு மிச்சம்.

சரி, காபி ஆறிப் போச்சு, அத்தையை வேற ஒண்ணு போடச் சொல்றேன். நீ லேப்டாப்பைத் திற. முதல் காரியமா அந்த அட்மினை ஒழி, ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு லாகின் போடு. ரெண்டாவது, அந்த சர்வர் தம்பிக்கு ஒரு மெயில் போட்டு, காலி பண்ற விவரத்தை எழுத்துல கேளு. என்னது? என் நாலு போர்ஷன் வாடகையா? அதையும் ஏத்திடலாமா? நல்லா இருக்கே! அது அத்தையோட பால் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல இருக்குது, பென்சில்ல. அங்கேயே இருக்கட்டும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மாப்ளே.